கப்பல் படம்

பெரியத்தை காளியாத்தாள் டீ டம்ளரோடு ஹாலில் என் படத்துக்கு எதிரே நின்றிருந்தார். பொள்ளாச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர் இன்னும் உட்காரக்கூட இல்லை. எங்கள் கோயமுத்தூர் வடவள்ளி வீட்டுக்கு வருகிற ஒறம்பரைகள், சொந்தபந்தங்கள் யாராக இருந்தாலும் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் சோபாவுக்குப் போவார்கள். மூன்றடிக்கு இரண்டடி, தங்க நிறச் சட்டம். ஏரியில் போகிற ஒரு கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். என் கணவன் மிதுனுடைய பச்சை ஸ்வெட்டர், காற்றில் பறக்கிற முடி, பின்னால் பனி மூடிய மலை. நாங்கள் ஜெர்மனியில் இருந்தபோது அனுப்பிய நூற்றுக்கணக்கான படங்களில் இதை மட்டும் அத்தை எடுத்து, கிராஸ்கட் ரோட்டு ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருந்தார். அத்தை என்றால் என் மாமியார், சாந்தாமணி. வருகிறவர்களிடம் அவர் இதை ஸ்விட்சர்லாந்து என்று சொல்லுவார். கப்பல் போனது ஜெர்மனிக் கரையோரமாக, எதிரே தெரிகிற மலைதான் ஸ்விட்சர்லாந்து என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மலையைப் பொறுத்தவரை அத்தை சொல்வது சரிதான்.

"இதைய எடுத்துப்போடு சாந்தாமணி," என்றார் பெரியத்தை. அவர் அத்தையின் அக்கா. "ஊரச் சுத்திச் சுத்தியே ஆறு வருசத்த ஓட்டிப்போட்டாங்க. அதுக்கொரு படம் வேற."

பிறகு வயர்க்கூடையிலிருந்து ஒரு லேமினேஷன் படத்தை உருவினார். தலையில் மஞ்சள் துண்டு கட்டிய, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சாமி படங்களோடு சேர்த்து விற்கிறார்களாம். வெள்ளைக்காரர் ஊரில் ஆறு வருஷம் இருந்தது போதாது என்று இங்கேயும் ஒன்று தேடி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

"தெனமும் கண்ணுல படற எடத்துல மாட்டு. காத்தால எந்திரிச்சு வந்தா ரெண்டு பேரும் இந்த மொகத்துலதான் முழிக்கோணும். எங்க ஊர்ல ரெண்டு ஊட்ல பலிச்சிருக்குது."

அன்றைக்கு எப்படியும் சுவரைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பெயின்டர் காளிச்சாமி வாசலில் பக்கெட்டில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தார். மாமனார் தவறி வருஷம் திரும்பிவிட்டது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று அத்தை சொல்லியிருந்தார். அவர் தனியாக இருக்கக் கூடாது என்று நாங்கள் உல்ம் நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து எட்டு மாதமாகிறது. ஹால் சுவரில் மாமனார் படம் சந்தன மாலையோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் கப்பல் படம்.

"எடுத்துரலாமுங் பெரீம்மா," என்றான் மிதுன். செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் எப்போதும் அந்தப் படத்துக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியில்தான் உட்காருவான். அது ஃபேனுக்காக என்று அத்தை நினைத்துக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்தால்தான் படம் கண்ணில் படாது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பெரியத்தை சொன்னது ஒரு விதத்தில் உண்மை. ஊர் சுற்றினோம், நன்றாகவே சுற்றினோம். அங்கே ஒரு டிக்கெட் உண்டு. அதை வாங்கிவிட்டால் அந்த மாநிலத்துக்குள் ஓடுகிற சாதாரண ரயில்களில் நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அந்த டிக்கெட்டில் நான்கு ஊராவது பார்க்காவிட்டால் மிதுனுக்குத் திருப்தி இருக்காது. சனிக்கிழமை காலையில் நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டுவேன். ரயிலில் டப்பாவைத் திறந்ததும் எதிர் சீட்டுக்காரர் நாசூக்காக எழுந்து வேறு இடம் பார்த்துப் போனதும் உண்டு, பேப்பரும் பேனாவும் கொடுத்து எப்படிச் செய்வதென்று எழுதி வாங்கிக்கொண்ட பாட்டியும் உண்டு. அவன் என்னைப் படமெடுப்பான், நான் அவனை எடுப்பேன், யாராவது அகப்பட்டால் இரண்டு பேரையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்புக்குப் போய்விடும். அத்தையிடமிருந்து குரல்பதிவு வரும். "நல்லாருக்குது கண்ணு. குளுரு பொல்லாதாட்ட இருக்குது. காத மறைச்சுக் கட்டிக்கோங்க." பாலத்தைப் பற்றியோ தேவாலயத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தக் கப்பல் சனிக்கிழமை நாங்கள் அங்கே போன நான்காவது வருஷம், மார்ச் மாதத்தில் வந்தது. எனக்கு அப்போது ஐந்து மாதம். யாருக்கும் சொல்லவில்லை. ஏப்ரலில் பெரியத்தையின் பேத்தி கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தோம். கோயமுத்தூர் ஏர்போர்ட் வாசலில் வயிற்றோடு போய் நின்று எல்லோரையும் அசத்த வேண்டும் என்பது மிதுனின் திட்டம். எனக்கும் அது பிடித்திருந்தது. வீடியோ காலில் கழுத்து வரைக்கும்தானே தெரியும். சத்தியமங்கலத்தில் இருக்கிற என் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. படத்தில் என் ஒரு கை கம்பியில் இருக்கிறது, இன்னொரு கை ஸ்வெட்டர் பையில். அன்றைக்குத்தான் முதல் முறையாக அசைவு தெரிந்தது. "மிதுன், அசையுது," என்றேன். அவன் போனைக் கண்ணெதிரே பிடித்தபடி சிரித்தான். அப்போது எடுத்த படம் அது.

அடுத்த வியாழக்கிழமை பெரிய ஸ்கேன். டாக்டரம்மா கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்காக ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் ஒருத்தி, நினைவுக்குக் குழந்தையை ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். நானும் மிதுனும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அவள் கொஞ்சம் பொறுத்து இரண்டாவது முறையும் கேட்டாள். அப்போதும் வேண்டாம் என்றோம். என் வாழ்க்கையில் ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

குழந்தை போய்விட்டது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் குழந்தை இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டையும் ஒரே போனில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று கல்யாண டிக்கெட்டைக் கேன்சல் செய்தோம். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூட வீட்டில் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மிதுன் ரயில் மேப்பை விரித்துவிடுவான். மழை, பனி எதுவும் பார்க்கவில்லை. பெயர்கூட வாயில் நுழையாத கோட்டைகளை எல்லாம் ஏறிப் பார்த்தோம். வழியெல்லாம் எத்தனாவது பிளாட்ஃபார்ம், எத்தனை நிமிஷம் லேட் என்பதைத் தவிர வேறெதையும் பேசவில்லை. படத்துக்கு மட்டும் சிரித்தோம். அனுப்பாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் வாரம் தவறாமல் அனுப்பினோம். கல்யாணத்தன்று அனுப்பியதும் அப்படி ஒரு கோட்டைதான். பெரியத்தை அதை இன்றுவரை மறக்கவில்லை.

"கல்யாணத்துக்கு லீவு இல்லீன்னாங்க," என்று இப்போதும் ஆரம்பித்தார். "கோட்டை ஏறறதுக்கு மட்டும் லீவு இருந்திருக்குதாட்ட."

எனக்குப் பெரியத்தை மேல் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் பேசுகிறார். கோபம் மிதுன் மேல்தான் வந்தது. அவன் சட்டை மாற்ற அறைக்குள் போனபோது பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். அறைக்கு வெளியே நான் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். ஜெர்மனியில் பழகிய 'நீ' இப்போது இந்த அறைக்குள் மட்டும்தான்.

"எடுத்துரலாம்னு எப்படிச் சொன்ன?"

அவன் கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த சட்டையின் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தெனமும் அதுக்குக் கீழ உக்காந்து சாப்படறேன் நந்திதா. முடியல."

"நம்மகிட்ட வேற படம் இல்ல மிதுன்."

"தெரியும். அதனாலதான் முடியல."

அவன் சொன்னதிலும் தப்பில்லை, நான் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் அந்தப் படம் சுவரில் இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம், இரண்டும் ஒன்றாக முடியாது. நான் சமையலறைக்குப் போனேன்.

அத்தை அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கை வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன். இந்தக் கேள்வியை எட்டு மாதமாக வைத்திருந்தேன். அத்தனை படங்களிலிருந்து அத்தை அதை மட்டும் எடுத்தார் என்றால் அவர் கண்ணுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கும், கேட்காமல் இருக்கிறார், அவ்வளவுதான் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அந்தக் கதைதான் இந்த வீட்டில் எனக்குத் துணை.

"அத்தனை படத்துல அந்தக் கப்பல் படத்த மட்டும் ஏனுங்கத்தை பெருசாக்குனீங்க?"

"கப்பலுக்காவத்தான் அம்மணி," என்றார் அத்தை சாதாரணமாக. "ஆளியார் டேம்ல போட் உட்டப்ப ஒருக்கா ஏத்தியுடுங்கன்னு உங்க மாமாகிட்டக் கேட்டேன். அடுத்த நோம்பிக்குப் பாக்கலாம்னாரு. அப்படியே போயிருச்சு. நீயாச்சும் ஏறிட்டயேன்னு இருந்துச்சு."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கப்பலுக்காக. அவ்வளவுதான். அவர் எதையும் பார்க்கவில்லை, எதையும் தெரிந்து வைத்துக்கொண்டு மறைக்கவும் இல்லை. மூன்று வருஷமாக அந்தச் சுவரில் என் மகள் இருப்பது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"அக்கா அத்தனை தூரத்துல இருந்து கொண்டாந்திருக்கறா. மாட்டலீன்னா சங்கடப்படுவா," என்று அத்தை தொடர்ந்தார். "கப்பல் படத்த உங்க ரூம்புல மாட்டிக்கலாம் கண்ணு."

"வேண்டாமுங்கத்தை. அங்க மாட்டுனா அவரு தூங்க மாட்டாருங்க."

"ஏனு?"

"அந்தப் படத்துல நான் ஒருத்தி மட்டும் இல்லீங்கத்தை."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. "வேற ஆரு?" என்று கேட்டபடி அத்தை நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பார்வை கீழே இறங்கியது. வெங்காயம் உரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"எத்தன மாசம்?"

"அஞ்சுங்க."

மற்றதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லி முடித்தேன். மூன்று வருஷம் சொல்லாமல் இருந்ததைச் சொல்ல, வெங்காயம் உரிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அத்தை கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். கடைசியில், "அந்தக் கல்யாணத்துக்கு வரலீன்னு பத்து நாளு நா உங்கூடப் பேசாம இருந்தேன்," என்றார். "நீ போன் பண்ணிப் பண்ணிப் பாத்தே. நா எடுக்கலை."

"பரவால்லீங்கத்தை."

"என்றகிட்டச் சொல்லோணும்னு தோணலியா கண்ணு?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அத்தை உரித்த தோலை ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

"பையனா, புள்ளையா?"

"புள்ளைங்கத்தை."

அவர் எழுந்து கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் மேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஹாலுக்குப் போய் அந்தப் படத்தின் கிட்டே நின்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவரே ஈரத்துணியால் துடைக்கிற படம்தான் அது. கம்பியைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டர் பைக்குள் இருக்கிற கையைப் பார்த்தார். படத்துக் கண்ணாடியின் மேல் அந்த இடத்தை ஒரு விரலால் தொட்டார்.

"என்ன சாந்தாமணி, புதுசாப் பாக்கறயாட்ட?" என்றார் பெரியத்தை.

"நீங்க கொண்டாந்தது பத்திரமா இருக்கட்டுங்க்கா," என்றார் அத்தை. "இது இங்கயே இருக்கட்டும். அவரு பக்கத்துலயே இருக்கட்டும்."

பெரியத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வயர்க்கூடையை இழுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அத்தையின் பாடு. நாற்காலியில் இருந்த மிதுன் செல்போனை அணைத்தான். அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவர் திரும்பிப் பார்க்காமல் அவன் தலைமேல் கையை வைத்தார். பிறகு அவன் சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

காளிச்சாமி ரோலரும் பக்கெட்டுமாக உள்ளே வந்தார். "ஏனுங்க, படத்தை எறக்கிக் குடுத்தீங்கன்னா இந்தச் செவுத்த மொதல்ல அடிச்சுப்போடுவனுங்க."

மிதுன் ஸ்டூலில் ஏறினான். மாமனார் படத்தை இறக்கி அம்மாவிடம் கொடுத்தான். அடுத்து கப்பல் படத்தை இரண்டு கையாலும் தூக்கி ஆணியிலிருந்து கழற்றினான். சுவரில் பழைய பச்சை நிறம் ஒரு கட்டமாகத் தெரிந்தது. இறங்கியவன் படத்தைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்தான். நாங்கள் திரும்பி வந்த இந்த எட்டு மாதத்தில் அவன் அதைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"சோபா மேல வெச்சிருங் தம்பி," என்றார் காளிச்சாமி. "ரெண்டு கை அடிச்சு, காஞ்சு, மறுக்கா மாட்டறதுக்குச் சாயங்காலம் ஆயிருமுங்க."

"இருக்கட்டுங்க."

"தூசி விழுகாதுங், துணி போட்டு மூடிக்கலாம்."

"பரவால்லீங்க. நான் புடிச்சுக்கறேன்."

காளிச்சாமி அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். புதுப் பெயின்ட் வாசம் ஹால் முழுக்கப் பரவியது. சுவரில் வெள்ளை மேலேறி, அந்தப் பச்சைக் கட்டம் ஓரத்திலிருந்து மறைந்துகொண்டு வந்தது. உட்கார்ந்தாவது புடிச்சுக்கோ என்று பெரியத்தை சொல்லிப் பார்த்தார். மிதுன் உட்காரவில்லை. படம் அவன் நெஞ்சோடு திரும்பியிருந்தது, எங்களுக்குப் பின்பக்கத்து அட்டைதான் தெரிந்தது. ஒரு கையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கியிருந்தான். இன்னொரு கை அட்டையின் மேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை மெதுவாகத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.