ஐந்தாம் அடுக்கில் இருப்பவள்

துறைத்தலைவருக்கு எலியின் மூளையைவிடத் தம் உவமைகளின் மேல்தான் பிரியம் அதிகம். ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த அறக்கட்டளைக்காரர்களிடம், மூளையின் மேற்பட்டை, மேலிருந்து கீழாக எண்ண வேண்டிய ஓர் ஆறு மாடிக் கட்டடம் என்று தொடங்கினார். தொடுகை நாலாம் அடுக்கு வழியாகத்தான் நுழையும். அதுதான் வாசல், அதற்குத் தெரியாமல் ஓர் ஈ கூட உள்ளே போக முடியாது. மேலடுக்குகள் கூடிப் பேசும், ஐந்தாம் அடுக்கு தீர்ப்பை வெளியே அனுப்பும். தம்முடைய துறையும் இப்படித்தான் நடப்பதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

பிறகு கையை உயர்த்தி, தொடுகையின் சங்கீதத்தைக் கேட்கச் சொன்னார். எலியின் மீசையை நொடிக்கொரு முறை தட்ட ஒரு கருவி, மூளையின் துடிப்பைச் சத்தமாக்க அதற்குள் மயிரிழைக் கம்பி ஒன்று. ஒலிபெருக்கியில் டப், டப் என்று பொரிந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர்களில் ஒருவரின் கால் இடறிக் கருவியின் ஒயர் கழன்று கிடந்ததை டெக்னீசியன் மட்டும் பார்த்தார். மீசையை எதுவும் தொடவில்லை; டப், டப் மட்டும் நிற்கவில்லை.

கூட்டம் காபிக்கு நகர்ந்ததும் அவர் கம்பியை மெல்ல மேலே இழுத்தார். நாலாம் அடுக்கில் சத்தமே இல்லை. ஐந்தாவதற்கு இறக்கினார். டப், டப். வாசல் வழியாக யாரும் வரவில்லை. உள்ளே இருப்பது, வரவேண்டிய நேரம் பார்த்துத் தானே தட்டிக்கொண்டிருந்தது.

இப்படித் தானே விழும் தட்டு அவருக்குப் புதிதல்ல. மனைவி இறந்து இரண்டு மாதம். காலை ஐந்தரைக்கு இரண்டு விரலால் இடது தோளில் இரண்டு தட்டு தட்டி எழுப்புவாள். இரண்டாவது கொஞ்சம் மெதுவாக விழும். அது இன்னும் விழுந்துகொண்டிருந்தது. துணைக்கு வந்திருந்த தங்கை, அண்ணி வீட்டைவிட்டுப் போகவில்லை என்றாள். அவள் புருஷன் நல்ல டாக்டராகப் பார்க்கச் சொன்னான்.

ஒயரை மாட்டாமல் எண்ணிக்கொண்டே நின்றார். நாற்பது சொச்சம் நொடியில் சத்தம் இளைத்து அடங்கிப்போயிற்று. தன் தோளில் தட்டு விழ இன்னும் எத்தனை காலை மிச்சம் என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது. பிறகு ஒயரை மாட்டி மாட்டிக் கழற்றியதில் ஒன்று தெரிந்தது: பத்துக்கு ஒரு தட்டு நிஜமாக விழுந்தால் போதும், மற்ற ஒன்பதை எலியே போட்டுக்கொள்கிறது.

சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். சில நாள் மட்டும், எந்த நாள் என்று சொல்லாமல், அவள் வந்து தட்ட வேண்டும். துணி மடித்துக்கொண்டிருந்த அவள், எலிக்குச் செய்கிற வைத்தியத்தை மனுஷனுக்குச் செய்யச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"நான் தட்டி, நீங்க அண்ணின்னு நெனச்சுத் திரும்பினா, என் மூஞ்சிய எங்கேண்ணா வெச்சுக்குவேன்?"

"திரும்ப மாட்டேன்."

ஒப்புக்கொண்டாள். எதையும் அளவாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. திறக்காத கதவைத் தட்டுவதுபோல முழு உள்ளங்கையால் ஓர் அடி விட்டாள். முதல் நாள் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மற்ற நாட்களில் இரண்டு விரல் தவறாமல் வந்தது. துறைத்தலைவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மூன்று வாரம் போனது. தன் சமையலைத் தானே சாப்பிட்டு நொந்துபோன மச்சான் வந்து தங்கையை அழைத்துப் போனான்.

மறுநாள் ஐந்தரைக்குத் தோளில் தட்டு விழுந்தது. முழு உள்ளங்கை. ஒரே அடி.

அவர் சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தார். அடுத்த நாளும் உள்ளங்கைதான். மூன்றாம் நாள் கண்ணை இறுக மூடி, இரண்டு விரலை மனசுக்குள் கெஞ்சிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஐந்தாம் அடுக்கு அசைந்துகொடுக்கவில்லை; கடைசியாகக் கற்றுக்கொண்டதையே நேரம் தவறாமல் செய்தது.

எட்டு மணிக்குத் தங்கைக்குப் போன் போட்டார். எப்போது எழுந்தாய் என்று கேட்டதற்கு, இப்போதுதான் என்றாள், குரலில் தூக்கம் கலையாமல். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அண்ணி வர்றாங்களாண்ணா?"

அவர் இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வர்றா" என்றார்.