கெட்டி ரத்தக்காரர்

என் அக்காவின் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஜன்னலுக்கு, மேஜைக்கு, அலமாரிக்கு அளவெடுத்து வெட்டிக் கொடுக்கும் கடை. அந்தத் தொழிலில் கை கிழிவது சகஜம். மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு வெட்டுவார்கள். அத்தான் போடமாட்டார். கிழிந்தால் விரலை உயர்த்தி, எதிரே நிற்பவரிடம் காட்டுவார்.

"பாருங்க, பாத்துக்கிட்டே இருங்க. நின்னுடுச்சா? எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். கெட்டி ரத்தம்."

ஜன்னல் உடைந்து போய் வந்த மனிதர், பாவம், தலையை ஆட்டிவைப்பார்.

பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் தன் ரத்தத்தை உசத்த அவருக்குப் பக்கத்தில் ஒரு மட்ட ரத்தம் தேவைப்பட்டது. அது அக்காவுடையது. காய் நறுக்கும்போது விரலில் பட்டால், சமையல் முடிகிற வரை அவள் துணி சுற்றியிருக்க வேண்டும். பல் பிடுங்கினால் மறுநாளும் தலையணையில் கறை. மாதா மாதம் படுகிற பாட்டை அவள் வாய் திறந்து சொன்னதில்லை. முகம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். அத்தானும் பார்ப்பார்.

"உங்க வீட்டு ரத்தமே தண்ணி, மச்சான்," என்பார் என்னிடம், ஏதோ நான்தான் கலந்து அனுப்பியது போல.

அவர்களுக்கு ஒரே மகள். குழந்தையாக இருந்தபோது முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். சீக்கிரம் காய்ந்துவிட்டதாம். "இவ என் ரத்தம்," என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவளைக் கட்டிக் கொடுத்தபோது சம்பந்தி வீட்டாரிடம் சொத்து விவரம் சொல்வது போல இதையும் சொன்னார்.

போன மாதம் புது இயந்திரம் பார்க்க பஸ்ஸில் வெகுதூரம் போய் வந்தார். வந்த மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. சோபாவில் காலை நீட்டி, "உள்ள ரத்தம் கட்டியிருக்கு. அமுக்கி விடு," என்றார்.

"அடுப்புல வேலை இருக்கு," என்றாள் அக்கா. "கெட்டி ரத்தம்தானே, அதுவே பாத்துக்கும்."

சாயங்காலம் காலை ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "காலை யாராவது அமுக்கினாங்களா?"

"அமுக்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டா," என்றார் அத்தான், புகார் மாதிரி.

"நல்லதாப் போச்சு. உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா நீங்க இங்க உக்காந்து பேசிட்டு இருக்க மாட்டீங்க."

ரத்தம் எடுத்தார்கள். உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா, அக்காவையும் சேர்த்து எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"காயம் பட்டா ரத்தத்தை உறைய வைக்கிறதுக்குன்னு சில புரதம் இருக்கு. வேலை முடிஞ்சதும் அதை நிறுத்துறதுக்கு வேற புரதம் இருக்கு. உறைய வைக்கிறதுல அஞ்சாம் நம்பர் புரதம் உங்களுக்குப் பிறவியிலேயே மாறியிருக்கு. நில்லுன்னா சட்டுனு நிக்காது. வேண்டாத இடத்துலயும் உறைஞ்சுடும்."

"அவங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தாங்க," என்றாள் அக்கா. "ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது."

அத்தான் அவளை முறைத்துவிட்டு, "ஆக, கெட்டிங்கிறது உண்மைதான்," என்றார்.

"இது கோளாறுங்க. உங்க அப்பா எப்படி இறந்தார்?"

"மாரடைப்பு. நல்லா பேசிட்டு எழுந்தார், விழுந்துட்டார்."

"அதுக்கு முன்னாடி கால் வீங்கியிருந்துச்சா?"

அத்தான் குனிந்து தன் வீங்கிய காலைப் பார்த்தார்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரே பொண்ணு," என்றாள் அக்கா. "மாசமா இருக்கா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கர்ப்பத்துல ரத்தம் உறையற தன்மை தானாவே கூடும். அவங்களுக்கும் இது இருந்தா ஆபத்து. தள்ளிப் போடாம பாக்கணும்."

"எனக்கு நேர் எதிர்ங்க," என்றாள் அக்கா. "கீறினா நிக்கவே நிக்காது."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"தண்ணின்னு இவரே சொல்லிட்டாரே. அப்புறம் டாக்டர் எதுக்கு?"

அக்காவுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

வெளியே வராந்தாவில் அத்தான் நொண்டிக்கொண்டே எங்களை மறித்தார். "பொண்ணுகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க. சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? கெட்ட ரத்தத்தை நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு பேச மாட்டாங்களா? குழந்தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. அவ என் ரத்தம்."

"அதுக்குத்தான் பயப்படறேன்," என்றாள் அக்கா. அங்கேயே நின்று போன் போட்டாள். மகளுக்கு இல்லை, நேரே சம்பந்தி அம்மாவுக்கு. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்," என்றார். அவ்வளவுதான். அத்தான் பயந்த மானக்கேடு அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

அக்காவின் முடிவு முதலில் வந்தது. காயத்தில் பசை மாதிரி ஒட்டிப் பிடிக்க வேண்டிய ஒரு புரதம் அவளுக்குக் குறைவு. இத்தனை வருஷமாகத் தண்ணி என்று பெயர் வாங்கியது ஒரு வியாதி. மருந்து உண்டு. யாராவது கேட்டிருந்தால் அப்போதே கிடைத்திருக்கும்.

மகளின் முடிவுக்குத்தான் நாள் பிடித்தது. அதுவரை அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, எனக்கு இல்லையாம். அப்பாவுக்கு இருக்கறது எனக்கு வரலையாம்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் மூச்சு விட்டேன். அத்தான் மட்டும் போனைப் பிடுங்கினார்.

"இல்லையா? எப்படி இல்லாமப் போகும்? லேப்ல மாத்தியிருப்பாங்க. இன்னொரு தடவை எடுக்கச் சொல்லு."

"அப்பா, நான் தப்பிச்சுட்டேன்னு சொல்றேன். நீங்க வருத்தப்படறீங்க."

"வருத்தம் இல்லம்மா... இருந்தாலும், ஒரு தடவை சரிபார்த்துட்டா..."

அக்கா கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

"அவர் கிடக்கார். நீ கேளு. என் ரத்தம் உனக்கு வந்திருக்கலாம், மாசமா இருக்கறப்ப சோதனையில சரியாத் தெரியாதாம். பிரசவத்துல நிக்காம போனா என்ன பண்ணணும்னு உன் டாக்டர் இப்பவே யோசிக்கணும். எழுதிக்க, எனக்கு என்ன குறைன்னு சொல்றேன்."

அத்தான் அந்த இடத்திலேயே நின்று முழுவதையும் கேட்டார்.