கை கொடுக்கும் வரிசை

ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் முழுக்க முட்டி மோதிக்கொண்டாலும், முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, வரிசையாகச் சறுக்கி வந்து, எதிரணியில் ஒருத்தர் விடாமல் கை கொடுத்தாக வேண்டும். போன வருஷம் ஹரிப்பிரியா அதை மீறிவிட்டாள்.

வெறும் ரோஷம்தான், வேறென்ன? மெல்பர்னில் படித்தபோது ஸ்ருதியும் அவளும் ஒரே அறை. பல்கலைக்கழக அணி ஆடும் இந்தப் பனித்தளத்தில்தான் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து கற்றார்கள். பிறகு ஸ்ருதி சிட்னிக்கு மாறினாள். போன வருஷம் அங்கத்திய அணியோடு இங்கே ஆட வந்து, கோல்கீப்பராக நின்ற ஹரிப்பிரியாவைத் தாண்டியே கடைசி நிமிஷத்தில் கோல் போட்டாள். போட்டால் போடட்டுமே, குடியா முழுகிவிட்டது? இவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்ருதி சிரித்துக்கொண்டே நீட்டிய கையைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போனாள்.

அன்றைக்கு ஊர் திரும்பும் வழியில் கார் கவிழ்ந்து ஸ்ருதி இறந்துபோனாள். மன்னிப்புக் கேட்க ஆளே இல்லையே என்று மெல்பர்ன் புறநகர் ட்ருகனினாவில் இருக்கும் தன் வீட்டில் ஹரிப்பிரியா அழாத நாள் இல்லை.

இந்தச் சனிக்கிழமை மதியம் அதே சிட்னி அணி மறுபடி வந்தது. ஆட்டம் முடிந்து வரிசை நகர்ந்தது. ஹரிப்பிரியா கடைசியில் நின்றாள். வந்த கையெல்லாம் வேர்த்துச் சூடாக இருந்தது. எதிர்வரிசை தீர்ந்த பிறகும் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். சறுக்கும் சத்தமே இல்லை. எல்லோர் வாயிலும் புகையாய் வந்த மூச்சு அவள் முகத்தில் மட்டும் இல்லை. இடது தோளைச் சாய்த்துச் சறுக்கும் அந்த நடை யாருடையதென்று ஹரிப்பிரியாவுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆனாலும் ஓடவில்லை. கையை நீட்டினாள்.

"ஸாரிடீ ஸ்ருதி. அன்னிக்கு நான் பண்ணது தப்பு."

ஸ்ருதியின் கையும் நீண்டுதான் இருந்தது, அதே சிரிப்போடு. ஹரிப்பிரியா எட்டிப் பிடித்தாள். விரல்களுக்குள் குளிர்தான் அகப்பட்டது. ஸ்ருதியின் கண் இவள்மேல் படவே இல்லை. நீட்டிய கையோடு ஆளில்லாத பனியில் மெல்லப் போனாள். நின்று நின்று, யாரோ கை கொடுக்க வருவதுபோல் பார்த்தாள்.

"நான் இங்கதான்டீ இருக்கேன்."

அவள் திரும்பவில்லை. தன்னைத் தாண்டிப் போன ஒருத்தியின் கைக்காக, போன வருஷத்து வரிசையிலேயே இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.