பெடலில் வைத்த கால்

‘பற்றற்ற நிலை’ என்று பெயர் வைத்து, மூன்று மாதமாக ஒரு பியானோ இசையை எழுதிக்கொண்டிருந்தார் அவள் கணவர். எல்லாம் ஜோராக வந்தது. முடிவுதான் மக்கர் பண்ணியது. கடைசிச் சுரத்தைத் தட்டிவிட்டு, அது அடங்கிவிடாதபடி பெடலை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து அறையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடி இதையே நூறு தடவை கேட்டவளுக்குப் பொறுமை போய்விட்டது. நேரே அவரிடம் வந்தாள்.

“எதையும் பிடிச்சு வைக்காதேன்னு ஊருக்கே சொல்ற இசை. முதல்ல அந்தக் காலை எடுங்க.”

“எடுத்தா முடிஞ்சிடுமே.”

“முடியட்டும். நான் இங்கதானே நிக்கிறேன்.”

காலை எடுத்தார். ஒலி அடங்கியது. முடிவு அப்படியொரு கச்சிதம். ஆனால், அதைக் குறித்துவைக்கப் பென்சிலை எடுக்க வேண்டிய கையோ அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.