இருபத்திரண்டு ரன் கொடுத்த ஆட்டம்

டொலிடோ நகரத் தொழிற்சங்கக் கட்டடத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலைதோறும் பேஸ்பால் நடக்கும். மைதானம் கிடையாது, பந்து கிடையாது. ஆளுக்கொரு டீம், ஆட்டக்காரருக்கொரு அட்டை, மூன்று பகடைகள். பகடையில் விழும் எண்ணை அட்டையில் தேடினால் அடியா அவுட்டா என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு கண்டிப்பு: நிஜ சீசனில் ஒருவன் எவ்வளவு ஆடினானோ, அட்டையிலும் அவ்வளவுதான் ஆடலாம். அதற்கு மேல் ஒரு பந்துகூடக் கிடையாது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் டோலரஸ் வோய்சிக் அந்தக் கண்டிப்பில்தான் மாட்டிக்கொண்டாள். கடைசி வாரம் ராய்ஸ் டார்ப்ளியோடு மூன்று ஆட்டங்கள். ஒன்றில் ஜெயித்தாலும் அவள் அடுத்த சுற்றுக்குப் போவாள். மூன்றிலும் தோற்றால் ராய்ஸ் போவான். அவளிடம் மிச்சமிருந்த பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள், இரண்டு ஆட்டத்துக்குத்தான் தாங்குவார்கள்.

"முதல் ஆட்டத்தை விட்டுக்குடுத்துடு டோலி. ஏன் வீணா அசிங்கப்படணும்?" என்றான் ராய்ஸ், டோனட்டைக் கடித்தபடி.

"தோத்தாலும் ஆடித்தான் தோப்பேன். விட்டுக்குடுக்கிற பழக்கம் எங்கிட்ட இல்ல."

லீக்கின் தலைவர் எம்மெட் க்ராஸ், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிட்சரே இல்லாதபோது வேறு யாரையும் பந்து வீச வைக்கலாம்; ஆனால் ஆக மோசமான மதிப்பெண்தான் கிடைக்கும். டோலரஸ், தூரத்தில் நின்று பந்து பிடிக்கிற தன் ஆட்டக்காரன் ஹாப் டென்னரின் அட்டையை நடுவில் வைத்தாள்.

அடி என்றால் அப்படி ஓர் அடி. மூன்றாம் இன்னிங்ஸுக்குள் பதினோரு ரன். ராய்ஸ் ஒவ்வொரு ரன்னுக்கும் மேசையைத் தட்டினான். டோலரஸின் காது மடல்கள் சிவந்துவிட்டன. ஐந்தாவது இன்னிங்ஸில்தான் அவளுக்கு உறைத்தது. ராய்ஸின் பெரிய மட்டைக்காரன் லோகன் ப்ரீஸுக்கு அன்று காலை மட்டை பிடிக்க மிச்சமிருந்தது பன்னிரண்டே முறை. இங்கேயே நாலு தீர்ந்திருந்தது. அவள் பகடைகளை ராய்ஸ் பக்கம் தள்ளினாள்.

"அவனை உக்கார வையேன் ராய்ஸ். ஆட்டம் எப்பவோ முடிஞ்சுபோச்சே," என்றார் எம்மெட்.

"நல்லா அடிக்கிறவனை எதுக்கு உக்கார வைக்கணும்? அக்காவும் கொஞ்சம் பாக்கட்டும்."

இருபத்திரண்டுக்கு மூன்று என்று டோலரஸ் தோற்றாள். ப்ரீஸ் ஏழு முறை மட்டை பிடித்திருந்தான்.

இரண்டாம் ஆட்டம் இழுபறியாகிப் பத்தாவது இன்னிங்ஸ் வரை போயிற்று. ப்ரீஸின் ஐந்தாவது அடியில்தான் ராய்ஸ் ஜெயித்தான். எம்மெட் தன் தாளைக் கூட்டிப் பார்த்தார்.

"ப்ரீஸ் தீந்துட்டான்பா. மூணாவதுல அவன் இல்ல."

ராய்ஸின் கை அட்டைமேலேயே நின்றது. "நாலு தடவை கூட ஆடிட்டா என்ன இப்ப? எல்லாரும் சிநேகிதங்கதானே."

"காலையில என்னை ஆட்டத்தை விடச் சொன்னப்ப இதே சட்டந்தானே? அட்டையை எடு ராய்ஸ்," என்றாள் டோலரஸ்.

அவன் எம்மெட்டைப் பார்த்தான். எம்மெட் விதிப் புத்தகத்தை விரலால் தட்டிக் காட்டினார். அட்டை பெட்டிக்குள் போயிற்று.

மூன்றாம் ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். டோலரஸ் இரண்டு, ராய்ஸ் ஒன்று. ராய்ஸின் ஆட்களில் இரண்டு பேர் அவுட்; இன்னொருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மூன்று பேஸிலும் அவன் ஆள்; ஒரு நல்ல அடி விழுந்தால் அவன் ஜெயித்துவிடுவான். ப்ரீஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மாற்று ஆள். ராய்ஸ் பகடைகளை வெகுநேரம் உள்ளங்கையில் குலுக்கி உருட்டினான். எம்மெட் அட்டையில் விரலை ஓட்டினார்.

"மேலே தூக்கி அடிச்சான். பிடிச்சுட்டாங்க. அவுட்."

ராய்ஸ் கை குலுக்கவில்லை. "அடுத்த வருஷம் இந்தச் சட்டத்தையே எடுக்கச் சொல்லி ஓட்டுக்கு விடப்போறேன்."

"விடு," என்றாள் டோலரஸ், தன் அட்டைகளை ரப்பர் பேண்டுக்குள் செருகியபடி. "எதிர்த்து விழற முதல் ஓட்டு என்னோடது."