என் முழங்கையுடன் விற்பனைக்கு வந்த மேசை

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் வலது முழங்கை. இணையச் சந்தை ஒன்றில் யாரோ எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை. மருமகள் எங்கோ பகிர்ந்த குடும்பப் படத்தில் எல்லாருடைய தலையையும் வெட்டியவர்கள், என் முழங்கையை மட்டும் விட்டுவிட்டார்கள். விலை எட்டாயிரம்.

(முதலில் 'ஒரு மேசை இருந்தது' என்று தொடங்கினேன். மேசை இன்னும் இருக்கிறது. அதன் மேல்தான் எழுதுகிறேன். அடித்துவிட்டேன்.)

2

மருமகள் பதறவில்லை. நேற்றுத் திறந்த கணக்கு, நேரில் பார்க்க முடியாது, பணம் முதலில் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினாள். "விலையே காட்டிக்கொடுத்துடும் மாமா. இவ்வளவு மலிவா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க."

அவளுக்கு அது ஆறுதல். எனக்கு நெஞ்சு எரிந்தது. எங்கள் வீட்டுப் பொருளை எட்டாயிரத்துக்கா? ஏமாற்றுவதற்கும் ஒரு தராதரம் வேண்டாமா?

3

இந்த இடத்தில் கதாநாயகன் மீது, அதாவது என் மீது, எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரு பெரிய மனிதன் மோசடிக்காரனிடம் 'படத்தை எடு' என்றல்லவா சொல்லியிருப்பான்? நானோ மரத்தின் வயது, கால்களின் கடைசல் எல்லாம் விளக்கி, எண்பதாயிரத்துக்குக் கீழே விலை போடுவது எங்கள் குடும்பத்துக்கு அவமரியாதை என்று எழுதினேன்.

"சரிங்க ஐயா" என்று உடனே மாற்றிவிட்டான். எங்கள் வீட்டில் யாரும் என் பேச்சை இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை.

4

இன்று மதியம் சம்பந்தி, மருமகளின் அப்பா, முன்னறிவிப்பில்லாமல் வந்தார். மகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எட்டாயிரம்னு பாத்தப்போ எவனோ ஏமாத்துறான்னு சிரிச்சேன். எண்பதாயிரம்னு மாறினப்போதான், நீங்களே விக்கிறீங்கன்னு உறைச்சுது. என்ன கஷ்டம்னு கேக்க மாட்டேன். காலையில முழுப் பணமும் கட்டிட்டேன். மேசை இங்கயே இருக்கட்டும் சம்பந்தி. என் பொண்ணுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அவர் ஏமாந்தவர், நான் அவரை ஏமாற்ற விலை சொல்லிக் கொடுத்தவன்.

முடிவு இரண்டு: வாய் திறக்கவில்லை. நாங்கள் நொடித்துப்போன குடும்பம், அவர் வள்ளல். நான் இனி அவர் மேசையில் சாப்பிடுகிறேன்.

முடிவு மூன்று: மோசடிக்காரன் மனம் திருந்தி, அந்தப் பணத்தை... (வெட்கக்கேடு. இதை என் பெயரில் எழுத மாட்டேன்.)

உடனே வங்கிக்குச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. அதற்கான வழி தெரிந்தவள் மருமகள். அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். இதோ, தண்ணீரோடு வந்து நிற்கிறாள்.

"என்ன, ரெண்டு பேரும் கிசுகிசுன்னு?"

எழுதுவதை நிறுத்தினால் நேரமும் நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. சம்பந்தி என்னைப் பார்த்து, சொல்லாதீர்கள் என்று தலையசைக்கிறார். வாசகரே, அவளுக்கான பதில் உங்களுடையது. எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் குனிந்துகொண்டு சொல்லாதீர்கள்; எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.