ஒரு வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன்

இது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கொரோனாவுக்குப் பிந்தைய இரண்டாவது பட்டாசு சீசன் என்று ஒரு நினைப்பு, மூன்றாவதாகவும் இருக்கலாம். அன்று மாடிச் சுவரில் ஓடிய கிரிக்கெட்டில் யார் யாரோடு ஆடினார்கள் என்பதும் மறந்துவிட்டது. அருணாதேவி சொல்லிக் கேட்டது பாதி, புரொஜெக்டர் மாட்டிய சாம்சுந்தர் சொல்லிக் கேட்டது பாதி. இரண்டும் சேருகிற இடத்தில் நானாக எதையாவது ஒட்டவைத்திருக்கலாம். ஆனால் அந்த ரிமோட்டைப் பற்றி இருவரும் ஒன்றுபோலத்தான் சொன்னார்கள்.

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற வழியில் அந்த வீடு. கீழே மூத்தவர் லட்சுமிகாந்தமும் அவர் மனைவி அருணாதேவியும். மாடியில் இளையவர் மணிகண்டராஜ், அவர் மனைவி வேல்விழி, பிள்ளைகள். பட்டாசுக் கம்பெனி அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அடுப்பும் ஒன்றுதான். மூத்தவருக்குப் பிள்ளை இல்லை.

லட்சுமிகாந்தம் பக்கவாதத்தில் விழுந்த பிறகு பேச்சு போய்விட்டது. மிஞ்சியது கண்ணும் இடதுகைப் பெருவிரலும். கட்டிலோரம் ஒரு காலிங் பெல் பொத்தான் வைத்தார்கள். அவர் அழுத்தினால் வீடு முழுக்கக் கேட்கும். "எந்நேரமும் மணியடிச்சா, வர்றவுக இது என்ன வீடா ஆஸ்பத்திரியான்னு கேக்காக" என்று சொல்லி வேல்விழி ஒருநாள் அதன் வயரைக் கழற்றச் சொன்னாள். அன்றைக்கே கழற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் டிவி ரிமோட்டில் பேசத் தொடங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்தி சேனல் வைத்தால் தண்ணீர். பழைய பாட்டு சேனல் என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கோயில் சேனல் என்றால் தொண்டையில் சளி நிற்கிறது, உடனே வா. அப்போது ஒருக்களித்துப் புரட்டி, வாயில் துணிவிட்டு எடுக்க வேண்டும்; கொஞ்சம் தாமதித்தாலும் முகம் கறுத்துவிடும். அருணாதேவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதை அந்த அறையில் வைத்திருப்பாள். வில்லுப்பாட்டோ வேதமோ காதில் விழுந்த கணத்தில் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவாள். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அப்படித்தான்.

ஆடி பிறந்ததும் மணிகண்டராஜ் மாடி ஹாலுக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கினார். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அந்த வருஷத்துப் புது ரகங்களை ஏஜெண்டுகளுக்குக் காட்டி, தீபாவளி ஆர்டர் எழுதுவது அவர்கள் வழக்கம். படம் காட்டி முடிந்ததும் மேட்ச் போடலாம் என்பது அவர் திட்டம். டிஷ் பாக்ஸோ கீழே, அண்ணன் கட்டில் எதிரில் இருந்தது.

சாம்சுந்தர் வந்து பார்த்தான். பாக்ஸிலிருந்து வருகிற படத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கீழே டிவிக்கும் மற்றதை ஜன்னல் வழியாக மாடிக்கும் கொண்டுபோகலாம் என்றான். மாடியில் ரிமோட்டை அழுத்தினால் கீழே பாக்ஸுக்குத் தெரியும்படி ஒரு சின்னக் கண்ணும் வயரும் வைக்கலாம்.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி. பாக்ஸ் ஒண்ணுதான். மேல மாத்துனா கீழயும் மாறும், கீழ மாத்துனா மேலயும் மாறும். மாடிக்குத் தனியா ஒரு பாக்ஸ் போட்டுட்டா ரெண்டு பேருக்கும் தொந்தரவு இல்ல."

"ஏலே, ஒரு வீட்டுக்கு ரெண்டு கனெக்‌ஷன் போட்டா ஊருக்குள்ள என்ன பேசுவாகன்னு தெரியுமா? பாகம் பிரிச்சுட்டாகன்னு பேசுவாக. அது ஏஜெண்டுக காதுல விழுந்துச்சுன்னா சீசன் போச்சு. சொன்னதைச் செய்யி."

அருணாதேவி வாசற்படியில் நின்றாள். கொழுந்தனிடம் அவள் அதுவரை எதையும் நேராகக் கேட்டதில்லை.

"தம்பி, அவுகளுக்கு அந்த ரிமோட்டுதான் பேச்சு. நீங்க மேல மாத்துனா, கீழ நான் எதைன்னு எடுத்துக்கிடுவேன்?"

மணிகண்டராஜ் சிரித்தார். "டிவிதான் பேச்சா? நல்லாருக்கே மதினி! அப்ப விளம்பரம் போட்டா என்ன அர்த்தம்?"

சாம்சுந்தரும் சிரித்தான். சிரித்ததைப் பின்னால் அவனே என்னிடம் சொன்னான்.

"ஆடிப்பெருக்கு முடியட்டும். பாப்போம்" என்றார் மணிகண்டராஜ். அந்தப் 'பாப்போம்' என்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த நாட்களைத் தள்ளினாள்.

மாடியில் பிள்ளைகள் சேனலை விரட்டினார்கள். செய்தி வந்தது; அவள் தண்ணீரோடு ஓடினாள். அவர் கண்ணை இடமும் வலமுமாக ஓட்டி வேண்டாம் என்றார். பாட்டு வந்தது, புரட்டப் போனாள், வேண்டாம் என்றார். தொடரின் அழுகைக்கு நடுவே கோயில் மணி கேட்டது, துணியோடு ஓடினாள், அவர் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மாலைக்குள் அவள் கால்கள் கனத்துவிடும். ஒருநாள் கரண்டியோடு வந்து நின்று, "நீங்களா, இல்ல மேலயா? என்னைக் கொல்லாதீக" என்று கத்திவிட்டாள். அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் அவள் திரும்பிப் போனாள். பிறகு அவளே வந்து உட்கார்ந்து, "உங்களுக்குத்தான் வேணும்னா அதே சேனலை மறுபடி மறுபடி வையுங்க. நான் தெரிஞ்சுக்கிடுதேன்" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்று பொருள்.

ஆடிப்பெருக்கு அன்று காலையிலேயே பூஜை முடிந்தது. மாடி ஹாலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மதுரை, சேலம், ஆந்திரப் பக்கத்து ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். புது ரகங்கள் சுவரில் பூத்துச் சிதறின. ஆர்டரைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல நேரத்தில் எழுதுவதாகப் பேச்சு. பந்தி பரிமாற மதினியும் மேலே நிற்க வேண்டும் என்று மணிகண்டராஜ் சொல்லியிருந்தார். மூத்தவர் வீட்டம்மா நின்றால்தான் குடும்பம் ஒன்றாக இருப்பது தெரியும்.

"பெரிய அண்ணாச்சி எப்படி இருக்காக?" என்று மதுரைக்காரர் கேட்டார்.

"நல்லா இருக்காக. கீழ நம்மளை மாதிரியே மேட்ச் பாத்துக்கிட்டு இருக்காக" என்றார் மணிகண்டராஜ்.

அருணாதேவி சாம்பார் வாளியோடு வரிசையில் பாதி வந்திருந்தாள். பந்து வீசுகிறவன் ஓடிவந்தான். சட்டென்று சுவர் முழுக்க ஒரு கோயில் கருவறை. அர்ச்சகர் தீபம் காட்டினார்.

"என்னய்யா இது, பௌலர் ஓடிவந்தான், ஐயரு தீபாராதனை காட்டுதாரு!" என்றார் சேலத்துக்காரர். ஹால் அதிரச் சிரிப்பு. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மணிகண்டராஜ் ரிமோட்டை நீட்டி அழுத்தினார். மேட்ச் வந்தது. அடுத்த மூச்சில் மறுபடியும் தீபம். அவர் மாற்றினார். மறுபடியும் தீபம்.

அவள் கட்டிலோரம் எத்தனையோ முறை கண்ட அழைப்பு இப்போது ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் நின்றது. அந்த ஹாலில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாளியை இறக்கி வைத்தாள்.

"மதினி, எங்க போறீக? அங்கன இலை காலியா இருக்கு பாருங்க."

"அவுக கூப்பிடுதாக தம்பி."

"நான் போயிப் பாக்கேன். என் அண்ணன்தான? நீங்க விருந்தாளுகளைக் கவனிங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்விழி அப்பளக் கூடையோடு அருகில் வந்து, "விடுங்கக்கா, அவுகதான் போறாகள்ல" என்று மெதுவாகச் சொன்னாள். புருஷனின் கூடப்பிறந்தவர் போகிறார். அதற்கு மேல் என்ன வேண்டும்? அருணாதேவி வாளியை எடுத்துக்கொண்டாள். சுவரில் தீபம் ஆடிக்கொண்டே இருந்தது.

மணிகண்டராஜ் சீக்கிரமே மேலே வந்தார். அவர் கையில் கீழிருந்த ரிமோட். அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"பறிமுதல் பண்ணியாச்சு!"

கைதட்டினார்கள். மேட்ச் வந்தது.

"எப்படி இருக்காக தம்பி?"

"நல்லா முழிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காக. சும்மா வெளையாடுதாக."

அவள் அதை நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது. ரசம் ஊற்றினாள். பாயசம் ஊற்றினாள். சுவர் இப்போது ஒருமுறைகூட மாறவில்லை. மாறாமல் இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவள் வேகவேகமாகப் பரிமாறினாள். கடைசி இலைக்கு மோர் விட்ட பிறகு, யாரிடமும் சொல்லாமல் இறங்கினாள்.

லட்சுமிகாந்தத்தின் முகம் கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது. இடதுகைப் பெருவிரல் போர்வையை அழுத்தியபடி நின்றிருந்தது. அவரைப் புரட்டினாள், துணியை விட்டு எடுத்தாள், பெயர் சொல்லக் கூடாது என்கிற வழக்கத்தை மறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

அவள் குரல் கேட்டு மணிகண்டராஜ் ஓடிவந்தார். பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"மதினி, சத்தம் போட்ராதீக. மேல இன்னும் ஆர்டர் எழுதல. இப்ப தெரிஞ்சா தீட்டும்பாக, ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான். அவுக கிளம்பிரட்டும். அண்ணன் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவாக."

அவர் போய்விட்டார். அருணாதேவி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். எதிரே டிவியில் மேட்ச் ஓடியது. யாரோ அவுட் ஆனான், மாடியில் கத்தினார்கள். பிறகு யாரோ பாட்டு சேனல் வைத்தார்கள். பிறகு செய்தி. அவள் எழுந்திருக்கவில்லை. வேன்கள் புறப்பட்டுப் போகும்வரை அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

லட்சுமிகாந்தத்தை மறுநாள் அடக்கம் செய்தார்கள். ஏஜெண்டுகளில் இருவர் மாலையோடு வந்தார்கள். கம்பெனிக்கு அந்த சீசன் நல்ல சீசனாக அமைந்தது. மணிகண்டராஜ் இப்போது அதன் ஒரே முதலாளி. வேல்விழிக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாமல் அவர்கள் கீழே குடியிறங்கிவிட்டார்கள். சாம்சுந்தர் கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறான், வீடுகளுக்குப் போவதில்லை. அருணாதேவி சாத்தூரில் தங்கை வீட்டில் இருக்கிறாள். பகலில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு, பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போகிறாள்.